நீலம் அச்சில் விழாது

கட்டைப் பிரித்ததும் முதல் பிரதியை முகர்ந்து பார்ப்பது அவள் வழக்கம். பதினெட்டு வருஷமாகப் படம் போடுகிறவளுக்குச் சம்பளத்துக்கு மேல் கிடைத்த ஒரே படி அந்த மை வாசனைதான். அன்று காலை ஒன்பதரை மணிக்கு அச்சகத்து வண்டி இறக்கிவிட்டுப் போன கட்டுகள் அலுவலக நடையை அடைத்துக்கொண்டு கிடந்தன. மேல்கட்டின் நாடாவைப் பிளேடால் அறுத்து, ஒரு பிரதியை உருவி, மூக்கருகே கொண்டுபோனாள். வழவழப்பான அட்டை. அதில் அவள் வரைந்த பெண், பூதத்தின் முதுகில் ஒரு காலை ஊன்றி ஈட்டியை ஓங்கிக்கொண்டு நின்றாள். தலைக்கு மேலே 'பூத வேட்டைக்காரி – முதல் இதழ்'. காலுக்குக் கீழே, ஈட்டியைவிடத் தடிமனான எழுத்தில், 'உருவாக்கம்' என்று போட்டு முதலாளியின் பெயர். உள்ளட்டையில், கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினால் அகப்படும் எழுத்தில், 'சித்திரங்கள்: குழு'. அந்தக் குழு தினமும் காலையில் மகளுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்துவிட்டு, இரண்டு பஸ் மாறி அலுவலகத்துக்கு வரும். மதியம் தனியாக உட்கார்ந்து சாப்பிடும். சாயங்காலம் கழுத்துவலியோடு வீட்டுக்குப் போகும்.

அதெல்லாம் பழகிப்போன சங்கதி. மூன்றாம் பக்கத்தைப் புரட்டியபோதுதான் கை நின்றது.

மூன்றாம் பக்கத்தில் பூதம் முதல் தடவையாகக் கிணற்றிலிருந்து தலையைத் தூக்குகிறது. அதன் மூக்குக்குப் பக்கத்தில், பளிச்சென்ற நீலத்தில், அவளுடைய சொந்தக் கையெழுத்தில் அச்சாகியிருந்தது: "இது காவலர் மூக்கு. கண்டுபிடிக்க மாட்டார்."

காவலர் என்றால் முதலாளி. அவருடைய விசிட்டிங் கார்டில் 'நிறுவனர், தலைமைப் படைப்பாளர், கனவுகளின் காவலர்' என்று மூன்று வரி இருக்கும். மூன்றையும் சொல்ல நேரமில்லாத ஊழியர்கள் கடைசி வார்த்தையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அவர் இல்லாத இடத்தில்தான் சொல்வார்கள். இப்போது இரண்டாயிரம் பிரதிகளில் சொல்லியாகிவிட்டது.

நீலப் பென்சில் அந்தத் தொழிலில் எல்லோரும் வைத்திருப்பது. வெளிர் நீலம். படத்தின் மேலேயே குறிப்பு எழுதிக்கொள்ளலாம், கோடு இழுத்துப் பார்க்கலாம், அழிக்க வேண்டியதில்லை. கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் எடுக்கும்போது அந்த நீலம் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். மை மட்டும் நிற்கும். "நீலம் அச்சில் விழாது" என்பதுதான் ஓவியக் கல்லூரியில் அவள் படித்த முதல் பாடம். படித்ததில் பதினெட்டு வருஷமாகப் பயன்பட்ட ஒரே பாடமும் அதுதான். அந்த நம்பிக்கையில் அவளும் பலூன்காரரும் ஒரு தனித் தபால் நிலையமே நடத்தி வந்தார்கள். பலூன்காரர் என்பவர் பாத்திரங்கள் பேசும் வசனங்களை முட்டை வடிவக் கூட்டுக்குள் அடைத்து, அதன் வாலை உரிய வாயோடு சேர்க்கிறவர். அவளைவிடப் பத்து வயது மூத்தவர். அவருக்கு அவள் எழுதுகிற நீலக் குறிப்புகள் ஆரம்பத்தில் வேலை விஷயமாக இருந்தன. 'வால் வலது பக்கம்', 'இங்கே வசனம் வேண்டாம்' என்று. போகப்போக அதில் ஊர்க்கதை கலந்தது, பொருமல் கலந்தது. வாய்விட்டுச் சொல்ல முடியாததையெல்லாம் நீலத்தில் சொன்னாள். சொன்ன மறுநாளே மறைந்துவிடுகிற பேச்சு வேறு எங்கே கிடைக்கும்?

இந்த இதழுக்கு மட்டும் காவலர், "உலகத் தரம்" என்று சொல்லிவிட்டு எல்லாப் பக்கங்களையும் முழு வண்ணத்தில் ஸ்கேன் எடுக்கச் செய்தார். வண்ணம் தீட்டுகிற வேலையை நாலு நாடு தள்ளி ஒருவனிடம் கொடுத்தார்கள். அவனுக்குத் தமிழ் தெரியாது. படத்தோடு சேர்ந்த அலங்காரம் என்று நினைத்திருப்பான். மங்கலாக இருக்கிறதே பாவம் என்று பரிதாபப்பட்டு, ஒவ்வோர் எழுத்தையும் தேய்த்துப் பளபளப்பாக்கி, வளைவு நெளிவெல்லாம் கெடாமல் அனுப்பி வைத்துவிட்டான். அவள் எழுத்துக்கு அத்தனை மரியாதை காட்டிய முதல் ஆள் அவன்தான். கடைசியாகச் சரிபார்க்க வேண்டிய காவலர் ஏதோ விருது விழாவின் முன்வரிசையில் உட்கார்ந்து, கைப்பேசியில், கட்டைவிரல் நகம் அளவில் முப்பத்திரண்டு பக்கங்களையும் பார்த்து, 'அற்புதம்' என்று பதில் போட்டிருந்தார்.

ஆறாம் பக்கம்: "அண்ணே, இந்த வசனம் நாப்பது வார்த்தை. இவ பேசி முடிக்கிற வரைக்கும் பூதம் வாயப் பொளந்துக்கிட்டு நிக்கணுமா? அதுக்கும் தாடை வலிக்காதா?" ஒன்பதாம் பக்கம்: "இடுப்பை இன்னும் ஒடுக்கச் சொல்றார். ஒடுக்கிட்டேன். குடலை எங்க வைக்கிறதுன்னு அவரையே கேளுங்க."

அவளுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. வேலை போய்விடும் என்பது தெரிந்தும் வந்தது. அடக்க முடியாமல் நடையில் தனியாக நின்று சிரித்துக்கொண்டிருந்தவள், பதினேழாம் பக்கம் ஞாபகத்துக்கு வந்ததும் அப்படியே கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

பதினேழாம் பக்கத்தில் வசனமே கிடையாது. குகை வாசலில் வேட்டைக்காரி முதுகைக் காட்டிக்கொண்டு தனியாக நிற்கிறாள், அவ்வளவுதான். அந்த உருவத்துக்கு மாதிரியாக நின்றவள் அவளுடைய மகள். மாடலுக்குக் கொடுக்க அலுவலகத்தில் காசில்லை. அதனால் பத்து மாதம் சாயங்காலம்தோறும் சமையலறைக்கும் கட்டிலுக்கும் நடுவே இருந்த இடத்தில் மகளைத் தொடப்பக்கட்டையோடு நிற்கவைத்து வரைந்தாள்.

"எவ்வளவு நேரம்மா இப்படியே தூக்கிக்கிட்டு நிக்கணும்?"

"பூதம் வர்ற வரைக்கும்."

"அதுவும் அப்பா மாதிரி வராமலே போயிட்டா?"

பதினேழு வயதுக்கு அப்படி ஒரு வாய். அம்மாவிடமிருந்து வந்த சொத்து. அந்தப் பக்கத்துக்கு மை போட்ட மதியம், அவளோடு ஓவியக் கல்லூரியில் படித்த ஒருத்தி ஏதோ வெளிநாட்டு மேடையில் பரிசு வாங்குகிற படம் கைப்பேசியில் வந்தது. அந்தத் தோழி வேலை பார்க்கிற ஸ்டூடியோவிலிருந்து வேலைக் கடிதம் முதலில் வந்தது இவளுக்குத்தான். அப்போது வயிற்றில் நாலு மாதம். படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மகளின் கல்லூரியிலிருந்து மூன்றாவது முறையாகப் போன்: காய்ச்சல், வந்து கூட்டிக்கொண்டு போங்கள். வேட்டைக்காரியின் காலடியில் நிறைய வெற்றிடம் இருந்தது. நீலப் பென்சிலை எடுத்து எழுதினாள்: "இவ பொறக்காம இருந்திருந்தா நான் பொழச்சிருப்பேன்." எழுதி, பென்சிலை வைத்து, பையைத் தூக்கிக்கொண்டு கல்லூரிக்குப் போய் மகளைக் கூட்டி வந்தாள். கஞ்சி வைத்துக் கொடுத்தாள். நெற்றியில் ஈரத்துணி போட்டாள். மறுநாள் அந்தப் பக்கம் ஸ்கேனுக்குப் போய்விட்டது. எழுதியது பொய்யென்று சொல்ல முடியாது. எழுத எடுத்துக்கொண்ட நேரம் வரைக்கும் அது சத்தியமான உண்மை. அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் யோசிக்கவில்லை. நீலம்தானே.

இன்று நாலு மணிக்கு வெளியீட்டு விழா. முதல் பிரதியைப் பெற்றுக்கொள்ளப் போகிறவள் மகள்தான். வேட்டைக்காரி வேஷத்தில். மூன்று வாரமாகப் பழைய திரைச்சீலையை வெட்டி மேலங்கி தைத்துக்கொண்டிருந்தாள்.

*

காவலர் அறைக்குள் நிலைக்கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். "பத்து மாதம் நான் ஒரு பெண்ணாகவே வாழ்ந்தேன்" என்று கண்ணாடியிடம் சொல்லி, ஒரு மூச்சு விட்டு, கைதட்டலுக்கு இடம் கொடுத்துக்கொண்டிருந்த சமயத்தில் அவள் நுழைந்தாள்.

"சார், இது வெளிய போகக் கூடாது."

"என்னம்மா நல்ல நாளும் அதுவுமா..."

மூன்றாம் பக்கத்தை விரித்து மேஜையில் வைத்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். கை தானாக மூக்குக்குப் போயிற்று. இவர் தன் புத்தகம் ஒன்றைப் படித்து அவள் பார்த்தது அன்றுதான். பதினேழாம் பக்கத்தைக் காட்டி, காலைப் பிடித்து, எடுக்கச் சொல்லிக் கெஞ்சலாம் என்றுதான் வந்தாள். ஆனால் அவர் கை மூக்கில் இருந்ததைப் பார்த்ததும் வேறொரு வழி தோன்றிற்று. கெஞ்சினால் இரங்குகிற ஆள் இல்லை. சீண்டினால் எரிக்கிற ஆள்.

"அது ஒண்ணு மட்டும் இல்ல சார். ஒன்பதாம் பக்கம் பாருங்க. குடல எங்க வைக்கிறதுன்னு கேட்டிருக்கேன், உங்களத்தான். இருபத்தொண்ணு பாருங்க. இல்ல, நானே படிக்கிறேன். 'இந்த வசனத்த எழுதினவர் பொண்ணுங்களப் பாத்ததே இல்ல, கண்ணாடியத்தான் பாத்திருக்கார்.' இருபத்தாறு..."

"போதும்."

"இருபத்தாறுதான் சார் நல்லா இருக்கும். 'பூதத்துக்காவது பசிக்கு ஒரு காரணம் இருக்கு. கைதட்டலுக்குப் பசிக்கிற ஜென்மத்த எந்த ஈட்டியால குத்துறது?'"

முகம் செங்கல் நிறத்துக்கு வந்தது. "கொளுத்துங்க! ஒரு புத்தகம் மிச்சமில்லாமக் கொளுத்துங்க! பதினெட்டு வருஷம் சோறு போட்ட கையை... நீ இப்பவே வீட்டுக்குப் போயிடு. இந்தப் படி மிதிக்காத!"

"சரிங்க சார்" என்றாள். வாழ்க்கையில் அத்தனை மனநிறைவோடு அவள் யாருக்கும் சரி சொன்னதில்லை. வேலை போகட்டும். கட்டுகள் எரியட்டும். மகளுக்கு ஏதாவது பொய் சொல்லிக்கொள்ளலாம், இயந்திரக் கோளாறு என்று. கதவுவரை போய்விட்டாள். அப்போதுதான் மேஜைமேல் இருந்த கைப்பேசி அடித்தது.

கூப்பிட்டது சிறப்பு விருந்தினர். கட்டுரைகள் நாலைந்தும் முன்னுரைகள் நூற்றுக்கு மேலும் எழுதியவர். முன்னுரையாலேயே முன்னுக்கு வந்தவர். எந்தக் குழுவிலும் அவர் தலைவி, எந்தப் பரிசுக்கும் அவர் நடுவர். அச்சகத்திலிருந்து முந்தின நாளே அவருக்கு ஒரு பிரதி போயிருந்தது. காவலர் நாற்காலியை விட்டு எழுந்து நின்று பேசினார். எதிர்முனையின் குரல் கைப்பேசிக்கு வெளியிலும் தாராளமாகக் கேட்டது.

"தம்பி, ஒரே மூச்சுல படிச்சேன். என்ன ஒரு தைரியம்! அந்த நீலக் குரல் இருக்கே! படைப்பு தன்னைப் படைச்சவனையே கேலி பண்ணுது. மூக்கைக் கூட விடல! எந்த ஆம்பளைக்கு இந்த மனசு வரும்? எப்படிங்க தோணிச்சு உங்களுக்கு?"

காவலர் கைப்பேசியை மறு காதுக்கு மாற்றினார். அவர் முகத்தில் செங்கல் நிறம் வடிந்து, சந்தன நிறம் ஏறி, கடைசியில் ஒரு தியாகியின் சாந்தம் வந்து அமர்ந்ததை அவள் கதவருகே நின்று பார்த்தாள். பூதம் உருமாறுகிற காட்சிக்கு அவள் எட்டுக் கட்டம் எடுத்துக்கொண்டிருந்தாள். இவர் ஒரே கட்டத்தில் முடித்துவிட்டார்.

"தோணிச்சுங்க மேடம்" என்றார் காவலர். "உள்ளேர்ந்து வந்தது."

"அதுலயும் அந்தப் பதினேழாம் பக்கம்! பூதம் மறைஞ்சிருந்து அவ முதுகைப் பாத்துப் பேசுது. நடுங்கிப் போயிட்டேன். மேடையில அதத்தான் படிக்கப் போறேன்."

போனை வைத்த பிறகு காவலர் அவளைப் பார்த்த பார்வையில் கோபத்தின் சுவடே இல்லை. "உட்காரும்மா. ஏன் நிக்கிறே? தொழில்ல ஆயிரம் இருக்கும். நான் சொல்லாமலே என் மனசுல இருந்ததை நீ எழுதியிருக்கே. கை உன்னோடது. அவ்வளவுதான் வித்தியாசம்."

"சார், அந்தப் பதினேழை மட்டும் எடுத்துருங்க. உங்களக் கும்பிட்டுக் கேக்கிறேன். அது பூதம் பேசுறது இல்ல. என் பொண்ணு மேடைக்கு வரா."

அவர் பக்கத்தைத் திருப்பிப் படித்தார். உதடு அசைய இரண்டு தரம் படித்தார். "இதுல உன் பொண்ணு எங்க வரா? பூதம்தானே பேசுது? இவ பொறந்ததால பூதத்துக்கு நாசம். கச்சிதமா இருக்கு. நீ எதையாவது போட்டுக் குழப்பாதே. நாலு மணிக்கு நல்ல புடவையாக் கட்டிக்கிட்டு வா. மூணாவது வரிசையில இடம் போடச் சொல்றேன்."

*

மகள் போனை எடுத்ததும் மூச்சு வாங்கினாள். "அம்மா, பூட்ஸுக்கு ஜிப் வச்சுட்டேன். நடந்தா சத்தம் வருது, சும்மா நிஜ வேட்டைக்காரி மாதிரி."

"இன்னிக்கு நீ வர வேண்டாம்டி."

"என்னது?"

"கூட்டம் அவ்வளவா வராதாம். அப்புறம் உனக்குப் பரீட்சை வேற..."

"பரீட்சை முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சு. என்ன, என்னக் கூட்டிக்கிட்டுப் போக வெக்கமா இருக்கா?"

"அப்படி இல்ல."

"எப்படின்னு சொல்லு. நேராச் சொல்லு."

நேராகச் சொல்ல வார்த்தைகள் இருந்தன. ஒன்றுகூடப் போனில் சொல்லும்படியாக இல்லை.

"பத்து மாசம் தொடப்பக்கட்டையத் தூக்கிக்கிட்டு நின்னது நானு. வந்து வாங்கிக்கிறது மட்டும் வேற யாரோவா? காலேஜ்ல இருந்து ஒன்பது பேரு வராங்க. எங்கம்மா வரைஞ்சதுன்னு சொல்லி வச்சிருக்கேன். நான் வருவேன்." வைத்துவிட்டாள்.

எங்கம்மா வரைஞ்சது. அந்த வார்த்தையை அவள் மகள் வாயிலிருந்து கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவும் சண்டைக்கு நடுவில்.

பலூன்காரர் தேநீர்க் குவளையோடு வந்து பக்கத்தில் நின்றார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அந்த வரியை எழுதிய மறுநாளே படித்த ஒரே ஆள் அவர்; படித்துவிட்டு ஒன்றும் கேட்காதவரும் அவரே.

"ஏம்மா, பேசாம விட்டுடேன். எல்லாரும் பூதம் பேசுதுன்னுதான் நினைக்கிறாங்க. பொண்ணும் அப்படியே நினைச்சுக்கிட்டுப் போகட்டுமே."

"அவ என் கையெழுத்தப் பாத்து வளந்தவ அண்ணே. அடுப்ப அணை, கதவச் சாத்துன்னு எழுதி எழுதி ஒட்டி வச்சு வளத்தேன்."

"மத்த பக்கமும் உன் கையெழுத்துதானே? அதையெல்லாம் பாத்துச் சிரிச்சுட்டுப் போகும். இதுவும் அதுல ஒண்ணு."

"இது ஒண்ணு இல்ல அண்ணே. அது அவ கையில போகக் கூடாது. மேடையில அவ கையில குடுக்கிற ஒரு காப்பி. அத மட்டும் சரி பண்ணிக் குடுங்க. மத்தத நான் வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கிறேன்."

எப்படிப் பார்த்துக்கொள்வாள் என்பதை அவர் கேட்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை. முப்பத்திரண்டு பக்கப் புத்தகத்துக்கு நடுவில் இரண்டு பின் அடித்திருக்கும். பதினாறும் பதினேழும் எதிரெதிரே இருக்கிற நடுத்தாள். பலூன்காரர் காம்பஸ் முனையால் பின்களின் கால்களை நிமிர்த்தி, நடுத்தாளை உருவி, கால்களை மறுபடி மடக்கிவிட்டார். ஒரு கீறல் விழவில்லை, கைத்தொழில்காரர். பதினைந்திலிருந்து பதினெட்டு வரை நாலு பக்கங்கள் போயின. அந்தப் பிரதியில் வேட்டைக்காரி பதினாலாம் பக்கத்தில் காட்டுப்பாதையில் நடந்துகொண்டிருப்பாள். அடுத்த பக்கமே பத்தொன்பது. பூதம் பாதி செத்துக் கிடக்கும். இடையில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. குடும்பங்களில் நடப்பது போல.

அவள் அந்தப் பிரதியைத் தங்கத்தாளில் சுற்றி, நாடா கட்டி, மேடைக்குப் போகிற தட்டில் தன் கையால் வைத்தாள்.

*

வாடகை மண்டபம். ஏசி இயந்திரம் ஒன்று இரைந்தது, இன்னொன்று சொட்டியது. மேடையின் பின்னால் காவலரின் முகம் இருபதடி அகலத்தில். அவர் தோளுக்குப் பின்னால், மன்னிப்புக் கேட்கிற மாதிரி, வேட்டைக்காரி. நாற்காலிக்கு ஒரு பிரதி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் நீல எழுத்தைக் கண்டுபிடித்துக் கண்டுபிடித்துப் படித்துக் கெக்கலித்தன. "பூதத்துக்கும் தாடை வலிக்காதா" என்று ஒரு வாண்டு வாயைப் பிளந்து காட்டிக்கொண்டு ஓடிற்று. மூன்றாம் வரிசையில் அவள் நல்ல புடவையில் உட்கார்ந்திருந்தாள்.

மகள் மேடையேறினாள். பூட்ஸ் சத்தம் போட்டது. மேலங்கியில் பழைய திரைச்சீலையின் பூக்கள் தெரியக் கூடாதென்று உள்பக்கத்தை வெளியே வைத்துத் தைத்திருந்தாள். திரும்பும்போது ஒரு பூ எட்டிப் பார்த்தது. கையில் தொடப்பக்கட்டைக்குப் பதிலாக நிஜமான மர ஈட்டி. ஒன்பது பேர் விசிலடித்தார்கள். காவலர் நாடாவை அவிழ்த்துப் புத்தகத்தைக் கொடுத்தார், படம் எடுப்பவருக்காக மறுபடி வாங்கிக் கொடுத்தார். மகள் நாற்காலியில் உட்கார்ந்து ஈட்டியை மடியில் கிடத்திக்கொண்டு புரட்ட ஆரம்பித்தாள். மூன்றாம் பக்கம். குனிந்து படித்தாள். நிமிர்ந்து காவலரின் மூக்கைப் பார்த்தாள். பிறகு மூன்றாம் வரிசையைத் தேடி அம்மாவைப் பார்த்து, சிரிப்பை அடக்கக் கன்னத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, மேலங்கிக்குள்ளிருந்து கட்டைவிரலை மட்டும் உயர்த்திக் காட்டினாள்.

அவளும் கட்டைவிரலை உயர்த்தினாள். அந்த ஒரு நிமிஷத்தோடு விழாவை முடித்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். ஆனால் காவலர் இன்னும் பெண்ணாக வாழ வேண்டியிருந்தது. வாழ்ந்தார், இருபத்தைந்து நிமிஷம். "என்னை நானே கேலி செய்துகொண்டேன். ஏன்? ஒரு ஆண் முதலில் வேட்டையாட வேண்டியது தன்னைத்தான்!" கைதட்டல். அவர் மூக்கைத் தொட்டுக் காட்டினார். இன்னும் கைதட்டல்.

பிறகு சிறப்பு விருந்தினர் எழுந்தார். "எல்லோரும் பதினேழாம் பக்கத்தைத் திறந்துகொள்ளுங்கள். நடுப்பக்கம்" என்றார். இருநூறு புத்தகங்கள் ஒரே நேரத்தில் சரசரத்தன. மேடையில் ஒரு புத்தகமும்.

"இவ பொறக்காம இருந்திருந்தா" என்று அவர் நிறுத்தி, மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "நான் பொழச்சிருப்பேன்."

தன் பென்சில் எழுதிய வார்த்தையை மைக்கில் கேட்பது எப்படி இருக்கும் என்று அவளிடம் யாராவது கேட்டிருந்தால், நாக்கைப் பிடுங்கி ஊர் நடுவில் காயப்போட்ட மாதிரி என்று சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை. எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் மகளை மட்டும் பார்த்தாள்.

மகள் பதினாலாம் பக்கத்துக்கு வந்தாள். எதிரே பத்தொன்பது. மறுபடி பதினாலைப் பார்த்தாள். இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று நகத்தால் கீறிப் பார்த்தாள். நடுவில் விரித்துப் பின்களைத் தடவினாள். பிறகு பக்கத்து நாற்காலியில் காவலர் விரித்து வைத்திருந்த பிரதியில் எட்டிப் பார்த்தாள். குகை வாசலில் தன் முதுகையும், காலடியில் இருந்த எழுத்தையும் பார்த்தாள். படித்து முடித்த பிறகும் குனிந்தபடியே இருந்தாள். நிமிர்ந்தபோது மூன்றாம் வரிசையைத் தேடவில்லை. அது எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும். நேராகப் பார்த்தாள். கோபப் பார்வை இல்லை. கணக்கில் விடை வந்துவிட்டதா என்று மனதுக்குள் ஒரு தரம் கூட்டிப் பார்க்கிற பார்வை.

விட்டிருக்கலாம். அது பூதத்தின் வசனமாகவே போயிருக்கும். பலூன்காரர் சொன்னது போல அதுவும் ஒன்றாக, தாடைக்கும் குடலுக்கும் நடுவில் சிரித்தோ சிரிக்காமலோ கடந்து போயிருப்பாள். இருநூறு புத்தகத்தில் இருக்க, இந்த ஒன்றில் மட்டும் இல்லாததால், யார் யாரைப் பற்றி எழுதியது என்று அந்த வரிக்கு விலாசம் ஒட்டியாகிவிட்டது. ஒட்டியவளும் அவளே.

"நம் வேட்டைக்காரி இரண்டு வார்த்தை பேசுவார்" என்றார் காவலர்.

மகள் மைக் முன்னால் வந்தாள். ஈட்டியை எடுத்துவர மறந்திருந்தாள். "என் புத்தகத்துல மட்டும் அந்தப் பக்கம் இல்ல" என்றாள்.

மண்டபம் சிரித்தது. "வேட்டைக்காரி அந்தப் பக்கத்தையே வேட்டையாடிவிட்டார்!" என்று காவலர் உட்கார்ந்த இடத்திலிருந்து கத்தினார். அதற்கும் கைதட்டல்.

"பாத்துப் பாத்து எடுத்திருக்காங்க" என்றாள் மகள். குரல் சமமாக இருந்தது. "பின்னுகூட வளையல."

அவ்வளவுதான் பேசினாள். போய் உட்கார்ந்துகொண்டாள்.

*

விழா முடிந்ததும் காவலர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். நெற்றியெல்லாம் வேர்வை, வாயெல்லாம் பல். "பாத்தியாம்மா? பதினேழுக்கு எப்படிக் கைதட்டினாங்க? அடுத்த இதழ்ல இந்த மாதிரி வேதனை இன்னும் கொஞ்சம் வேணும். பக்கத்துக்கு ரெண்டு போதும். ரொம்பப் போட்டா அலுத்துடும். நல்ல நீலப் பென்சிலா ஒரு டஜன் வாங்கிக்க, பில்லைக் கொண்டா." பதிலுக்குக் காத்திராமல் அடுத்த கைகுலுக்கலுக்குப் போனார்.

மேடைக்குக் கீழே மேஜை போட்டு மகளை உட்காரவைத்திருந்தார்கள். பிள்ளைகள் புத்தகத்தோடு வரிசையில் நின்றன. வேட்டைக்காரியின் கையெழுத்து வேண்டுமாம். மகள் கறுப்பு மார்க்கரை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும், "பதினேழாம் பக்கத்தைத் திறந்து குடு" என்று கேட்டு வாங்கினாள். "பேரு என்ன?" என்றாள். அது சொன்ன பெயரைக் குகை வாசலில், நீல எழுத்துக்குக் கீழே எழுதி, தன் கையெழுத்தைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். எல்லோருக்கும் அதே இடம். எல்லோருக்கும் அதே சிரிப்பு, காவலரிடமிருந்து ஒரே மாலையில் கற்றுக்கொண்ட சிரிப்பு.

அருகே போக வேண்டும் என்று அவள் நினைத்தாள். அது அப்படி இல்லை என்று சொல்லலாம். எப்படி என்று கேட்பாள். ஏதோ கோபத்தில் எழுதியது என்று சொல்லலாம். அப்புறம் எதுக்கு எடுத்த என்று கேட்பாள். மேஜைக்குப் பின்னால் போய்த் தோளைத் தொடலாம். ஒன்பது பேர் அங்கே நாற்காலியைச் சுற்றி நின்றார்கள், அம்மாக்கள் நுழைகிற இடமாகத் தெரியவில்லை. அங்கே போக ஒரே ஒரு வழிதான் திறந்திருந்தது. பக்கத்து நாற்காலியில் யாரோ விட்டுப்போன பிரதியை எடுத்துக்கொண்டு, வரிசையின் கடைசியில், இடுப்பு உயரம் கூட இல்லாத ஒரு பிள்ளைக்குப் பின்னால் போய் நின்றாள்.

வரிசை மெல்ல நகர்ந்தது. ஏசி சொட்டிய இடத்தில் யாரோ வாளி வைத்திருந்தார்கள். முன்னால் நின்ற பிள்ளை திரும்பிப் பார்த்து, "நீங்களுமா?" என்றது. ஆமாம் என்று தலையாட்டினாள். பதினேழாம் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள். அந்தக் கோடுகளுக்கு மை போட்டு முடித்தபோது இருந்ததைவிட அந்த முதுகு இப்போது கொஞ்சம் நிமிர்ந்திருப்பது போலத் தெரிந்தது. வண்ணக்காரன் வேலையாக இருக்கும்.

பிள்ளை தன் புத்தகத்தை வாங்கிக்கொண்டு ஓடிற்று. மேஜையின் மேல் அவள் புத்தகத்தை விரித்து நீட்டினாள். மகள் தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் புத்தகத்தின் ஓரத்தைப் பிடித்திருந்த விரல்களை, எத்தனை தேய்த்தும் போகாத மை நகக்கண்களில் படிந்திருந்ததை, அவள் பார்த்திருக்க வேண்டும். மார்க்கரின் முனை நீல எழுத்துக்குக் கீழே வந்து நின்றது.

"பேரு என்ன?" என்றாள் மகள்.

முனை தாளைத் தொட்டபடியே இருந்தது. தொட்ட இடத்தில் மை ஊறி, ஒரு கறுப்புப் புள்ளி சத்தமில்லாமல் அகன்றுகொண்டே போயிற்று.